பட்டறையும் பெயர்ப் பட்டியலும்: பெர்க்லி சுதந்திர வாழ்வு மையத்தின் ஐம்பது ஆண்டுகள்

விழா மலர்களில் நிறுவன வரலாறு எழுதுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதல் பக்கத்தில் நிறுவனரின் படம். அடுத்து இடம் கொடுத்த வள்ளல், அடிக்கல் நாட்டிய அமைச்சர், திறந்துவைத்த ஆட்சியர். பிறகு ஆண்டுவாரியாகக் கட்டடங்கள். உதவி பெறுகிறவர்கள் கடைசிப் பக்கங்களில், குழுப் படத்தில், பெயர் இல்லாமல் இருப்பார்கள்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், பெர்க்லி நகரில் 1972-இல் பதிவாகி, 2022-இல் பொன்விழா ஆண்டைத் தொட்ட ‘சென்டர் ஃபார் இண்டிபெண்டன்ட் லிவிங்’ அமைப்பின் கதையை இந்த ஒழுங்கில் எழுத முடியாது. குழுப் படத்தில் பெயரில்லாமல் இருந்திருக்க வேண்டியவர்களே அங்கே நிறுவனர்கள். அவர்களே இயக்குநர்கள், கணக்கர்கள், ஆலோசகர்கள். உடல் ஊனமுற்ற பெரியவர்களை யார் பார்த்துக்கொள்வது என்று உலகம் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், ‘எங்கள் வாழ்க்கையை நாங்கள் நடத்துகிறோம், அதற்கு வேண்டியவற்றை ஏற்பாடு செய்தால் போதும்’ என்று சொன்னவர்கள் அவர்கள். அந்த ஏற்பாடுகள் என்னென்ன என்பதில்தான் இந்த நிறுவனத்தின் வரலாறு இருக்கிறது.

மூன்று மறுப்புகள்

எட் ராபர்ட்ஸ் 1939-இல் பிறந்தவர். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பர்லிங்கேம் ஊரில் வளர்ந்த விளையாட்டுப் பிரியர். 1953-இல், பதினான்காவது வயதில் போலியோ தாக்கியது. ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி பலனளிக்கிறது என்ற அறிவிப்பு 1955 ஏப்ரலில்தான் வந்தது. நோய் இரண்டு ஆண்டு முந்திக்கொண்டது. கை கால்கள் செயலிழந்தன; இடக்கையில் இரண்டு விரல்கள் அசைந்தன. இரவில் ‘இரும்பு நுரையீரல்’ எனப்படும் பெரிய உருளைக்குள் படுத்தால்தான் மூச்சு. காற்றை வாயால் கவ்வி விழுங்கும் ஒரு முறையைப் பழகிக்கொண்டு, பகலில் சில மணி நேரம் வெளியே இருந்தார்.

வீட்டிலிருந்து தொலைபேசி வழியே பாடம் கேட்டு உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். ஆனால் பள்ளி சான்றிதழ் தர மறுத்தது. உடற்பயிற்சி வகுப்பையும் கார் ஓட்டும் பயிற்சியையும் அவர் முடிக்கவில்லையாம். தாய் ஸோனா ராபர்ட்ஸ் கல்வி நிர்வாகத்திடம் போராடிச் சான்றிதழை வாங்கினார். விதியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதை எழுதியவரின் முன்னால் போய் நிற்பது: பிற்காலத்தில் மையம் செய்த வேலையில் பாதி இதுதான்.

இரண்டாவது மறுப்பு மாநில மறுவாழ்வுத் துறையிடமிருந்து வந்தது. இவர் ஒருநாளும் வேலைக்குப் போகப்போவதில்லை, ஆகவே படிப்புச் செலவை ஏற்க முடியாது என்றது துறை. பத்திரிகைகளில் செய்தி வெளியான பிறகு இறங்கி வந்தது.

மூன்றாவது மறுப்பு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில். சுமார் 360 கிலோ எடையுள்ள இரும்பு நுரையீரலை எந்த விடுதி அறையில் வைப்பது? மாணவர் நலப் பிரிவின் தலைவர் டாக்டர் ஹென்றி புரூன் ஒரு வழி சொன்னார். வளாகத்திலிருந்த கோவல் மருத்துவமனையில் அறை தருகிறோம், ஆனால் அது நோயாளியின் அறை அல்ல, மாணவரின் அறை. 1962-இல் ராபர்ட்ஸ் அங்கே குடிபுகுந்தார். அதே பருவத்தில்தான் ஜேம்ஸ் மெரிடித் மிஸிஸிப்பிப் பல்கலைக்கழகத்தில் கால்வைத்த முதல் கறுப்பின மாணவராக, காவலர் புடைசூழ வகுப்புக்குப் போனார்.

மருத்துவமனைக்குள் ஒரு விடுதி

அடுத்த ஆண்டு ஜான் ஹெஸ்லர் வந்தார். நீரில் குதித்தபோது கழுத்தெலும்பு முறிந்தவர். அதுவரை ஓர் அரசு மருத்துவமனையில் காலம் தள்ளியவர். அறுபதுகள் முடியும்போது ஏறக்குறைய பன்னிரண்டு மாணவர்கள் கோவலில் இருந்தார்கள். உதவியாளர் சம்பளத்துக்கு அரசுப் பணம் வந்தது. அதை வைத்து உதவியாளரைத் தேடுவது, நேர்காணல் செய்வது, வேலை சொல்லிக்கொடுப்பது, சரிப்படாவிட்டால் அனுப்பிவிடுவது எல்லாம் மாணவர்கள் பொறுப்பு. அதுவரை யாரோ ஒருவரின் தயவில் குளித்து, யாருக்கோ வசதியான நேரத்தில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இருபது வயதில் முதலாளி ஆனார்கள். எத்தனை மணிக்கு எழுவது, எந்தச் சட்டை போடுவது, நண்பர்களோடு எவ்வளவு நேரம் வெளியே இருப்பது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. மையத்தின் கொள்கை பின்னாளில் ஆவணங்களில் ஏறியது. அதன் பயிற்சி இந்த மருத்துவமனைத் தளத்திலேயே நடந்துவிட்டது.

அறுபதுகளின் இறுதியில் மறுவாழ்வுத் துறை அதிகாரி ஒருவர், படிப்பில் பின்தங்குகிறார்கள் என்று சொல்லி இரண்டு மாணவர்களை வெளியேற்றப் பார்த்தார். ‘ரோலிங் குவாட்ஸ்’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்த மாணவர்கள் ஒன்றுகூடினார்கள். பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார்கள். முடிவில் மாணவர்கள் இருந்தார்கள், அதிகாரி மாற்றப்பட்டார். போர் எதிர்ப்பும் பேச்சுரிமைப் போராட்டமும் தெருவில் நடந்த பெர்க்லியில், போராடும் வித்தையைக் கற்க அவர்கள் தொலைதூரம் போக வேண்டியிருக்கவில்லை.

1970-இல், மத்திய அரசு மானியத்துடன், பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஊனமுற்ற மாணவர்களுக்கான திட்டம் ஒன்று தொடங்கியது. ஹெஸ்லர் அதன் இயக்குநர். அதன் அடிப்படைகள் மூன்று. ஊனமுற்றவரின் தேவை என்ன என்பதை நன்கு அறிந்தவர் ஊனமுற்றவரே. தேவைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் உதவியும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். வாழ்வது ஊருக்குள், எல்லோருடனும்.

1972: பல்கலைக்கழகத்தின் வாசலுக்கு வெளியே

மாணவர்களுக்கான அலுவலகத்துக்கு மாணவரல்லாதவர்கள் வரத் தொடங்கினார்கள். நாற்பது வயதில் விபத்தில் முடங்கியவர், பெற்றோர் வீட்டின் பின்னறையில் இருபது ஆண்டு கழித்தவர், முதியோர் இல்லத்திலிருந்து வெளியேறத் துடித்த இளைஞர். பல்கலைக்கழகப் பணத்தில் அவர்களுக்கு உதவ வழியில்லை. அவர்களுக்காக 1972-இல் மையம் தனி அமைப்பாகப் பதிவாயிற்று. தொடக்கத்தில் அலுவலகம் ஒரு வாடகைக் குடியிருப்பு. பின்னர் டெலிகிராஃப் அவென்யூவுக்கு இடம் பெயர்ந்தது. பணம் எப்போதும் இழுபறிதான். ஒரு மானியம் முடிவதற்குள் அடுத்ததற்கு விண்ணப்பம் எழுதியாக வேண்டும்.

ராபர்ட்ஸ் சில ஆண்டுகள் இயக்குநராக இருந்தார். நியூயார்க்கிலிருந்து ஜூடித் ஹ்யூமன் வந்து சேர்ந்தார். அவரும் சிறுவயதுப் போலியோவில் நடை இழந்தவர். சக்கர நாற்காலியில் வந்தால் தீ விபத்தின்போது ஆபத்து என்று ஐந்து வயதில் பள்ளி அவரைச் சேர்க்க மறுத்தது. படித்து முடித்த பிறகு ஆசிரியர் உரிமமும் மறுக்கப்பட்டது. 1970-இல் வழக்குத் தொடுத்து அந்த உரிமத்தைப் பெற்றார். மூளை வாதத்தால் பேச்சு குழறிய ஹேல் ஸூகாஸ், தலையில் கட்டிய குச்சியால் எழுத்துப் பலகையைச் சுட்டிப் பேசுவார். கட்டடங்களிலும் போக்குவரத்திலும் உள்ள தடைகளைப் பற்றி அந்த வட்டாரத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் குறைவு.

பட்டறையும் பட்டியலும்

மையத்தின் புகழுக்குக் காரணம் போராட்டங்கள் என்று எழுதுவது வழக்கம். அன்றாடம் ஆட்களை உள்ளே இழுத்தவை அவற்றைவிடச் சாதாரணமான இரண்டு சேவைகள்.

முதலாவது, சக்கர நாற்காலி பழுது பார்க்கும் பட்டறை. அந்தக் கால பேட்டரி நாற்காலிகள் மருத்துவமனைத் தாழ்வாரங்களுக்காகச் செய்யப்பட்டவை. கல்லூரிக்கும் கடைக்கும் சினிமாவுக்கும் மேட்டுத் தெருவில் ஓட்டினால் மோட்டார் புகைந்தது, பெல்ட் அறுந்தது. உற்பத்தியாளருக்கு அனுப்பினால் திரும்பி வர வாரங்கள் ஆகும். அத்தனை நாளும் உரியவர் கட்டிலில். பட்டறையில் அன்றே, முடியாவிட்டால் மறுநாளே கிடைத்தது. அதோடு நிற்காமல், அவரவர் உடலுக்கேற்ப நாற்காலியின் பாகங்களை மாற்றியும் கொடுத்தார்கள். வேனில் தூக்கி ஏற்றும் லிஃப்டுகளையும் பொருத்தினார்கள்.

இரண்டாவது, உதவியாளர்களின் பெயர்ப் பட்டியல். வேலை தேடி வருகிறவர்களை மையம் முதலில் பேசிப் பார்க்கும். தகுதியானவர்களைப் பட்டியலில் சேர்க்கும். தேவைப்படுகிறவர் தொலைபேசியில் கேட்டால் பெயர்களைத் தரும். அதற்கு மேல் அது முடிவெடுக்காது. தேர்வும் சம்பளப் பேச்சும் அவரவருடையவை. புதிதாக வீட்டை விட்டு வந்தவருக்கு இதெல்லாம் தடுமாற்றமாக இருக்கும். ‘தினமும் தாமதமாக வருகிறார், சொல்லப் பயமாக இருக்கிறது’ என்பார். அவருக்கு ஆலோசனை சொல்ல மனநல நிபுணரைக் கூப்பிடவில்லை. அதே பயத்தைக் கடந்து வந்த இன்னொரு சக்கர நாற்காலிக்காரர் எதிரில் உட்கார்ந்தார். இதைச் சக ஆலோசனை என்றார்கள். இன்று உலகெங்கும் மறுவாழ்வுத் துறையில் வழங்கும் முறை இது.

இவற்றைச் சுற்றி வேறு வேலைகள் வளர்ந்தன. சாய்தளம் உள்ள வாடகை வீடு தேடித் தருவது, அரசு உதவித்தொகைக்கான படிவங்களை நிரப்புவது, பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்குமான பிரிவுகள், கணினி நிரல் எழுதும் பயிற்சி. வேறு வேறு ஊனமுள்ளவர்கள் ஒரே கூரையின்கீழ் வந்தது அப்போது புதுமை. அதுவரை ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு சங்கம் இருந்தது. ஒன்றாக இருந்ததில் உரசலும் உண்டு. நடைபாதை விளிம்பைச் சரிவாக்கினால் சக்கர நாற்காலிக்கு வசதி. தடியால் தட்டிப் போகும் பார்வையற்றவருக்கோ நடைபாதை எங்கே முடிந்து சாலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போகும். இரு தரப்பும் பேசித்தான் தீர்வு காண வேண்டியிருந்தது. அந்தப் பேச்சுக்கு இடமும் பழக்கமும் மையத்தில் இருந்தன.

நடைபாதைச் சரிவுகளைப் பற்றி ஒரு கதை பரவலாக வழங்குகிறது. இரவில் மாணவர்கள் சம்மட்டியால் விளிம்புகளை உடைத்துத் தாங்களே சிமெண்ட் பூசினார்கள் என்பது கதை. கதையில் வீரம் இருக்கிறது. உண்மையில் வேலை நடந்தது நகரசபைக் கூட்டங்களில். 1971-இல், மையம் பதிவாகும் முன்பே, மாணவர்கள் கேட்டு வாதாடி நகரசபையின் ஒப்புதலைப் பெற்றார்கள். எந்தத் தெருவில் எந்த மூலையில் சரிவு வேண்டும் என்று பாதை வகுத்துக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் முதல் சரிவுகளும் இவை அல்ல. மிஷிகன் மாநிலத்தின் கலமஸூ நகரில் போரில் ஊனமுற்று வந்தவர்களுக்காக நாற்பதுகளிலேயே போட்டிருந்தார்கள். பெர்க்லியில் புதிதாக நடந்தது, ஒரு நகரின் பாதைகளை முழுமையாக இணைத்து, திட்டமிட்டுப் போட்டது.

நான்காம் மாடியில் இருபத்தைந்து நாள்

1973-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய மறுவாழ்வுச் சட்டத்தில் 504-ஆம் பிரிவு என்று ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. மத்திய அரசின் பணம் பெறும் எந்த நிறுவனமும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் அதற்கான விதிமுறைகள் வெளிவராமல் நான்கு ஆண்டு இழுத்தது. 1977 ஏப்ரல் 5 அன்று நாட்டின் பல நகரங்களில் போராட்டம் நடந்தது. மற்ற ஊர்களில் சீக்கிரமே கலைந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் சுமார் 150 பேர் மத்திய அரசு அலுவலகத்தின் நான்காம் மாடியில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னின்று நடத்தியவர்கள் ஜூடித் ஹ்யூமனும் கிட்டி கோனும். இருவரும் மையத்தோடு இணைந்து வேலை செய்தவர்கள்.

ஏறக்குறைய நான்கு வாரம் நீடித்த முற்றுகை அது. படுக்கைப்புண் வரக்கூடியவர்கள், மாற்றிப் படுக்கவைக்க ஆள் வேண்டியவர்கள், நேரத்துக்கு மருந்து எடுக்க வேண்டியவர்கள் தரையில் தூங்கினார்கள். தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டபோது காது கேளாதவர்கள் ஜன்னல் வழியே சைகை மொழியில் வெளியே செய்தி அனுப்பினார்கள். ஓக்லாந்திலிருந்து, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைக் கட்சியினர் நாள்தோறும் சூடான சாப்பாடு கொண்டுவந்தார்கள்.

அந்தச் சாப்பாட்டுக்குப் பின்னால் மையத்தின் வரலாறு இருக்கிறது. பிராட் லோமாக்ஸ் கறுஞ்சிறுத்தைக் கட்சிக்காரர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். தன் மக்கள் வாழும் கிழக்கு ஓக்லாந்திலும் ஒரு கிளை வேண்டும் என்று 1975 வாக்கில் ராபர்ட்ஸிடம் கேட்டவர். முற்றுகையில் லோமாக்ஸும் அவருடைய உதவியாளரும் உள்ளே இருந்தார்கள். தோழர்களுக்குச் சாப்பாடு அனுப்பிய கட்சி எல்லோருக்கும் சேர்த்தே அனுப்பியது. மற்ற நகரங்களில் முடியாதது இங்கே முடிந்ததற்குக் காரணம் தேடினால், ஐந்தாறு ஆண்டாகப் பட்டறையிலும் பட்டியலிலும் பழகிய உறவுகளைத்தான் சொல்ல வேண்டும். யாருக்கு எந்த நேரத்தில் என்ன உதவி வேண்டும் என்று ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்கள். ஏப்ரல் 28 அன்று மத்திய சுகாதார, கல்வி, நலத் துறை அமைச்சர் ஜோசப் கலிஃபானோ விதிமுறைகளில் கையெழுத்திட்டார். 1990 ஜூலை 26 அன்று சட்டமான அமெரிக்க ஊனமுற்றோர் சட்டத்துக்கு இந்த விதிமுறைகளே அடித்தளம்.

கிளைகளும் குறைகளும்

1975-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் மாநில மறுவாழ்வுத் துறையின் இயக்குநராக எட் ராபர்ட்ஸை நியமித்தார். ‘ஒருநாளும் வேலைக்குப் போகப்போவதில்லை’ என்று எழுதிய அதே துறை. மையத்தின் பொறுப்பு ஃபில் டிரேப்பரிடம் போயிற்று. மாநிலத்தின் பிற ஊர்களிலும் மையங்கள் எழ ராபர்ட்ஸ் பணம் ஒதுக்கினார். 1978-இல் மத்திய சட்டம் திருத்தப்பட்டு நாடு முழுவதும் இத்தகைய மையங்களுக்கு நிதி வந்தது. இன்று அமெரிக்காவில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. அவற்றின் நிர்வாகக் குழுவிலும் ஊழியர்களிலும் பாதிக்கு மேல் ஊனமுற்றவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை.

மையத்திலிருந்து கிளைத்த அமைப்புகளும் உண்டு. அதன் சட்டப் பிரிவிலிருந்து 1979-இல் ஊனமுற்றோர் உரிமைக் கல்விக்கும் சட்டப் பாதுகாப்புக்குமான நிதியம் பிறந்தது. 1983-இல் ராபர்ட்ஸும் ஹ்யூமனும் ஜோன் லியோனும் சேர்ந்து உலக ஊனவியல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஜப்பானின் ஹச்சியோஜி நகரில் 1986-இல் அந்நாட்டின் முதல் மையம் திறந்தது.

குறைகளையும் எழுதினால்தான் வரலாறு முழுமை பெறும். எண்பதுகளின் தொடக்கத்தில் அரசு மானியங்கள் சுருங்கியபோது மையம் திணறியது. மானியத்தை நம்பிப் பெருகிய சேவைகளைக் குறைக்க வேண்டிவந்தது. தொடக்க காலத் தலைவர்களில் பெரும்பாலோர் உடல் ஊனமுற்ற, படித்த வெள்ளையர்கள். அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்கள் தங்களுக்காகத் தாங்களே பேசும் இயக்கம் 1974-இல் ஆரிகன் மாநிலத்தில் ‘பீப்பிள் ஃபர்ஸ்ட்’ என்று தனியாகத்தான் எழுந்தது. இன்னொரு குறை உதவியாளரைப் பற்றியது. ஊனமுற்றவரை முதலாளியாக்கிய ஏற்பாடு, உதவியாளரைக் குறைந்த கூலியில் நெடுங்காலம் வைத்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பலர் குடியேறி வந்தவர்கள். 1999-இல் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டத்தில் 74,000 வீட்டுப் பராமரிப்புத் தொழிலாளர்கள் சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் அவர்கள் குரல் பலமாகக் கேட்டது. ஒருவருடைய சுதந்திரம் இன்னொருவருடைய குறைகூலியின் மேல் நிற்க முடியாது என்பதை இயக்கம் தாமதமாகவே கற்றது.

எட் ராபர்ட்ஸ் 1995 மார்ச் 14 அன்று, 56 வயதில் இறந்தார். அவருடைய சக்கர நாற்காலி வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெர்க்லியின் ஆஷ்பி ரயில் நிலையத்தை ஒட்டி 2010-இல் திறந்த எட் ராபர்ட்ஸ் வளாகத்தில் மையம் இப்போது இயங்குகிறது. உள்ளே நுழைந்ததும் சுருள் வடிவில் மேலேறும் சிவப்புச் சாய்தளம். மாடிக்குப் போக எல்லோரும் பயன்படுத்தும் பாதை அது. சக்கர நாற்காலிக்காரர் பின்வாசலைத் தேட வேண்டியதில்லை.

நம் ஊர்ச் சங்கங்களுக்கு

2006-இல் ஐ.நா. நிறைவேற்றிய ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு, சுதந்திரமாக வாழ்வதையும் சமூகத்தில் இணைந்திருப்பதையும் உரிமையாகச் சொல்கிறது. பெர்க்லியில் தொடங்கிய கோரிக்கை அங்கே சர்வதேசச் சட்டமாயிற்று. இந்தியா 2007-இல் அதை ஏற்றது. அதற்கிணங்கவே 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சமூகத்தில் வாழும் உரிமையை 5-ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. ஆகவே இந்த வரலாறு நமக்கும் உரியது.

வெள்ளி விழா, பொன்விழா கொண்டாடும் சங்கங்கள் மலர்க் குழு அமைக்கும்போதே சில கேள்விகளையும் கேட்டுக்கொள்ளலாம். நம் நிர்வாகக் குழுவில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் பெண்கள்? காசோலையில் கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவராவது மாற்றுத்திறனாளியா? ஒரு மாற்றுத்திறனாளியைக் கவனித்துவந்த அம்மா நோயில் படுத்துவிட்டால், மறுநாள் காலையில் அந்த மாற்றுத்திறனாளியைக் குளிப்பாட்ட யாரைக் கூப்பிடுவது என்று நம் அலுவலகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறதா? அந்த உதவியாளருக்கு நியாயமான சம்பளம் எங்கிருந்து வரும்? போன ஆண்டு மேடையில் கொடுத்த சக்கர நாற்காலிகளில் இன்று ஓடுகின்றவை எத்தனை?

வழங்கும் விழாவுக்கு ஒரு நாள் போதும். பட்டறையைத் திறந்துவைத்திருக்க ஆண்டு முழுவதும் ஆளும் பணமும் பொறுமையும் வேண்டும். பெர்க்லிக்காரர்கள் பட்டறையிலிருந்து தொடங்கினார்கள்; சட்டங்கள் அதற்குப் பிறகு வந்தன.